ஒரு கார்டு, இரண்டு வயிறு

அத்தியாயம் 11

“உங்க வீட்டுக்காரருக்குப் பித்தப்பையே கிடையாது, மேடம்.”

ஆஸ்பத்திரியின் கார்டு கவுண்ட்டரில் இருந்த அதிகாரி, கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். பஸ்ஸில் இடமில்லை என்று சொல்வாளே கண்டக்டர், அந்தக் குரல்.

“என்னது?”

“எடுத்தாச்சு. நாலு வருஷத்துக்கு முன்னாடியே உங்க ஊர்ல ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. இதோ, கார்டுல இருக்கு.”

இப்போதுதான் மேல் மாடியில் ஸ்கேன் எடுத்த டாக்டர், “பித்தப்பை நல்லா வீங்கியிருக்கு. கல் அடைச்சு சீழ் பிடிக்க ஆரம்பிச்சாச்சு. கீழே போய்க் கார்டைக் காட்டிட்டு வாங்க, இன்னிக்கே எடுத்துடலாம்” என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஒரே கட்டடம், ஒரே வயிறு. மாடியில் இருக்கிற பித்தப்பை கீழ்த் தளத்தில் இல்லை.

பிரேக்கம்மாவுக்குத் தலை சுற்றவில்லை. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

இந்த வெளிநாட்டில் குடியேறியிருந்த அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், வாயருகே கொண்டுபோன கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டுச் சுருண்டு விழுந்த அவள் வீட்டுக்காரன் சின்னவனைப் போன வார அத்தியாயத்தில் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். லிஃப்ட் மெக்கானிக். கண்ணைக் கட்டும் உயரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள், சாப்பாட்டு மேஜைக்கு அடியில் புழு மாதிரி நெளிந்தான். விடிய விடிய, “வாயுவா இருக்கும்” என்று வெந்நீர் கொடுத்தார்கள் அண்ணனும் அண்ணியும். விடிந்ததும் அவன் மனைவி பிரேக்கம்மாதான் டாக்ஸி பிடித்து இங்கே கொண்டு வந்து போட்டாள்.

அவளைப் பற்றிப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். கற்றுக்கொடுக்கிற காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். யார் ஓட்டினாலும் வண்டி நிற்பது அவள் நினைத்த இடத்தில்தான். அதனால் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாருக்கும் அவள் பிரேக்கம்மா. குடும்பத்திலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கவுண்ட்டருக்கு மேலே பளபளவென்று ஒரு விளம்பரம். ‘எல்லை தாண்டினாலும் கவலை வேண்டாம். இரண்டு நாட்டுக்கும் ஒரே மருத்துவக் கார்டு!’ இந்த வருஷம்தான் இரண்டு அரசாங்கமும் கைகோத்துக்கொண்டு இந்த ஏற்பாட்டைச் செய்திருந்தன. ஊரில் பார்த்த வைத்தியம், சாப்பிட்ட மருந்து, போட்ட தையல் எல்லாம் இங்கே கார்டைத் தேய்த்ததும் திரையில் வந்து நின்றுவிடும். காகிதம் வேண்டாம், அலைச்சல் வேண்டாம். நல்ல ஏற்பாடுதான். நல்ல ஏற்பாடு வந்ததும் முதல் ஆளாகப் போய் மாட்டிக்கொள்வதற்கென்றே சில குடும்பங்கள் இருக்கின்றன.

“மேடம், உங்களைத்தான் கேக்கறேன். மாடியில படுத்திருக்கறவர் யாரு?”

“என் வீட்டுக்காரர். பாஸ்போர்ட்டைப் பாருங்க, போட்டோ இருக்கு, கைரேகை இருக்கு. வேணும்னா மேல வந்து ஆளையே பாருங்க.”

அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். கார்டைப் பார்த்தாள். நிமிர்ந்து இவளைப் பார்த்தாள்.

“அப்போ நாலு வருஷத்துக்கு முன்னாடி இந்தக் கார்டை வச்சுக்கிட்டு ஆபரேஷன் பண்ணிக்கிட்டது வேற யாரோ. யாரு அது?”

பிரேக்கம்மாவின் வாய்வரை வந்த பதிலுக்கு அவளே பிரேக் போட்டாள்.

“தெரியலைன்னு சொன்னா?”

“கார்டு பூட்டித்தான் இருக்கும். திரையில ரெண்டு ஆளோட உடம்பு ஒரே பேர்ல கிடக்கு. எந்த மருந்து யாருக்கு ஒத்துக்கலைன்னே டாக்டருக்குத் தெரியாது. டிரிப்ஸும் ஊசியும் போடுவோம், அது யாருக்குன்னாலும் போடுவோம். ஆபரேஷன்னா கார்டு திறந்திருக்கணும். இல்லேன்னா மொத்தத் தொகையையும் முன்னாடியே கட்டணும்.”

அந்தத் தொகை என்ன என்று அவள் கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

அதிகாரி கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். இரக்கத்தினால் என்று நினைத்துவிட வேண்டாம். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

“சட்டம் ரெண்டு மாதிரி சொல்லுது. உங்க வீட்டுக்காரரே தெரிஞ்சு கார்டைக் குடுத்திருந்தா, கார்டு அத்தோட ரத்து. அவருக்குத் தெரியாம யாராவது எடுத்துட்டுப் போயிருந்தா, அவர் பாதிக்கப்பட்டவர். நான் இப்பவே திறந்து விட்டுடுவேன். ஆனா எடுத்தது யாரு, ஆபரேஷன் பண்ணிக்கிட்டது யாருன்னு ரெண்டு பேரோட பேரும் வேணும். யோசிச்சு வாங்க. அடுத்தவங்க வாங்க!”

யோசிக்க என்ன இருக்கிறது? ஆபரேஷன் பண்ணிக்கொண்டது அண்ணன். பெரியவர். அப்போது அவருக்கு வேலை போயிருந்தது. சந்தா கட்டாமல் விட்டதில் அவருடைய கார்டு செத்துக் கிடந்தது. வயிற்று வலி வந்ததும் தம்பியிடம் வந்தார். அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு. அதே நெற்றி, அதே மூக்கு. மழைக்குக் குடையை எடுத்துக் கொடுக்கிற மாதிரி சின்னவன் கார்டை எடுத்துக் கொடுத்தான். அந்த வீட்டில் சட்டை, செருப்பு, ஸ்கூட்டர் எல்லாமே இருவருக்கும் பொதுவாக இருந்தவைதான். வியாதி மட்டும் தனித்தனியாக வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அவளும் அன்றைக்குப் பக்கத்தில்தான் நின்றாள். ‘வேண்டாங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னாள். “அண்ணனுக்கு இல்லாததா?” என்று அவன் வாயை அடைத்தான்.

அந்த அண்ணன் இப்போது ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்திவிட்டு, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வந்தார். பின்னாலேயே அவர் மனைவி, பிரேக்கம்மாவின் ஓரகத்தி. ஓரகத்தியின் இரண்டு கையிலும் இரண்டு பெட்டி. பார்த்த பெட்டியாக இருக்கிறதே என்று நினைத்தாள் பிரேக்கம்மா. அவளும் சின்னவனும் ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டிதான். பூட்டி, பட்டை கட்டி, தயாராக வந்திருந்தது.

“எப்படி இருக்கான்?” என்றார் பெரியவர்.

“உயிரோட இருக்கார். பெட்டி எதுக்குக்கா?”

“ராத்திரி ஃப்ளைட்டுக்கு உங்க டிக்கெட்டை மாத்திட்டேன்” என்றாள் ஓரகத்தி. “ஊர்லன்னா பழகின டாக்டர், பழகின ஆஸ்பத்திரி. எதுக்கு இங்கே கிடந்து அவதிப்படணும்? நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“சீழ் பிடிச்சிருக்கு. விமானத்துல ஏத்தவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. ஒரு வலி ஊசி போட்டுக்கிட்டாப் போச்சு.”

“அக்கா, உங்க வீட்டுல வெந்நீர் குடுத்தே ஒரு ராத்திரியை ஓட்டிட்டீங்க. இன்னொரு ராத்திரி ஊசியில ஓட்டச் சொல்றீங்களா?”

ஓரகத்தியின் முகம் சிவந்தது. காபி மெஷினுக்குப் பக்கத்தில் பெட்டிகளை டொம் டொம்மென்று வைத்தாள். பிரேக்கம்மா அவளை விட்டுவிட்டுப் பெரியவரிடம் திரும்பினாள். கவுண்ட்டரில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும், “மாமா, நீங்க வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். அந்த ஆபரேஷன் எனக்கு நடந்ததுதான், தம்பிக்குத் தெரியாம கார்டை எடுத்துட்டுப் போனேன்னு சொல்லணும்” என்றாள்.

“எந்த ஆபரேஷன்?” என்றார் பெரியவர்.

பிரேக்கம்மா அவரையே பார்த்தாள். மனுஷன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“எந்த ஆபரேஷனா? நான் ரெண்டு வாரம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் கஞ்சி தூக்கிட்டு அலைஞ்சேனே, அந்த ஆபரேஷன்.”

“மெதுவாப் பேசு.” அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு நெருங்கி வந்தார். “இங்க பாரு. அடுத்த மாசம் எனக்குக் குடியுரிமை வருது. மெடிக்கல்ல, உடம்புல இதுவரைக்கும் ஒரு ஆபரேஷனும் நடந்ததில்லைன்னு சொல்லியிருக்கேன். இப்போ போய் நடந்துச்சுன்னா, அதுவும் அடுத்தவன் கார்டுலன்னா, என்னை மட்டும் இல்லை, இவளையும் சேர்த்துக் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளுவான்.”

“வயித்துல நாலு தழும்பு இருக்கே, டாக்டர் பார்க்கலையா?”

“சின்ன வயசுல முள்வேலியில விழுந்துட்டேன்னு சொன்னேன்.”

“நாலு தடவை விழுந்தீங்களா?”

“ஏய், என்ன வாய் நீளுது?” ஓரகத்தி நடுவில் பாய்ந்தாள். “இந்த நாட்டுல காலூன்ற நாங்க பட்ட பாடு உனக்குத் தெரியுமா? குளிர்ல நின்னு, கண்டவன் பேச்சையும் கேட்டு, இப்பத்தான் ஒரு வீடு, ஒரு மரியாதைன்னு வந்திருக்கோம். விருந்தாளியா வந்த இடத்துல வியாதியை இழுத்து விட்டுக்கிட்டு, எங்க குடியைக் கெடுக்கப் பார்க்கிறியா?”

“வியாதியை நாங்க பெட்டியில வச்சு எடுத்துட்டு வரலைக்கா. நீங்கதான் பெட்டி தூக்கிட்டு வந்திருக்கீங்க.”

காபி எடுக்க வந்த ஒரு வார்டு பாய் காபியே வேண்டாமென்று திரும்பிப் போனான்.

பெரியவர் கையை உயர்த்தி மனைவியை அடக்கினார். இந்த முறை அவர் குரல் வெண்ணெய் தடவியதாக இருந்தது. “பணம் நான் பார்க்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாப் புரட்டி…”

“எப்போ?”

“ஒரு பத்து நாள்…”

“அவர்கிட்ட பத்து நாள் இல்லை மாமா.”

வெண்ணெய் உருகிவிட்டது. “அப்போ உன் இஷ்டம். ஆனா என் பேரை மட்டும் நீ எடுத்துப் பாரு. கார்டை ஊரெல்லாம் வாடகைக்கு விட்டதே நீதான்னு நான் சொல்லுவேன். டிரைவிங் ஸ்கூலுக்கு வர்றவன் போறவன் எல்லாருக்கும் குடுத்தேன்னு சொல்லுவேன். யார் பேச்சு எடுபடுதுன்னு பார்ப்போம்.”

இந்த மனிதருக்கா கஞ்சி காய்ச்சினோம் என்று இருந்தது அவளுக்கு. அதற்குமேல் அங்கே நிற்காமல் மாடிக்கு ஏறினாள்.

சின்னவன் கண்ணை மூடிக் கிடந்தான். நெற்றியைத் தொட்டால் அடுப்பு மாதிரி கொதித்தது. கண்ணின் வெள்ளை லேசாக மஞ்சள் பூத்திருந்தது. நர்ஸ் ஊசியைக் குத்திவிட்டு, “காய்ச்சல் ஏறிட்டே போகுது. தியேட்டரைத் தயாரா வச்சுக்கிட்டு டாக்டர் காத்திருக்கார். கீழே என்னதான் ஆச்சு?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

“என்னங்க… கார்டைப் பூட்டிட்டாங்க. மாமா ஆபரேஷன் வெளியே வந்துடுச்சு.”

அவன் கண்ணைத் திறந்தான். “அண்ணன் பேரைச் சொல்லிட்டியா?”

“இன்னும் சொல்லலை.”

“சொல்லாதே.”

“சொல்லலைன்னா கத்தி வைக்க மாட்டாங்க. அது உள்ளேயே வெடிக்கும்னு டாக்டர் சொல்றார்.”

“வெடிக்கட்டும்.” மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான். “எனக்கு வேலை கத்துக்குடுத்தது அவரு. முதல்முதலா லிஃப்ட் குழியில இறங்கறப்போ பயத்துல கால் நகரலை. அவருதான் மேல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, ‘நான் இருக்கேன், இறங்குடா’ன்னு நின்னாரு. அவரை நான் காட்டிக் குடுக்கணுமா?”

“அவர் இப்போ கீழே காபி மெஷின்கிட்ட நிக்கறாருங்க. கம்பியை விட்டுட்டாரு.”

“வாயை மூடு.”

“நான் கார்டை வாடகைக்கு விட்டேன்னு சொல்லப் போறாராம். உங்க அண்ணி நம்ம பெட்டியைக் கட்டித் தூக்கிட்டு வந்துட்டாங்க.”

“வாயை மூடுன்னு சொன்னேன்! அண்ணன் பேரு உன் வாயில வந்துச்சு, அப்புறம் நான் உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்.”

கத்தியதில் வலி அவனைப் புரட்டிப் போட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினான். முதுகு வியர்வையில் நனைந்து கிடந்தது. அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும், இரண்டு அறை விட வேண்டும் போலவும் அவளுக்கு இருந்தது. இரண்டும் செய்யவில்லை. கீழே இறங்கினாள்.

கவுண்ட்டரில் வரிசை நீண்டிருந்தது. வரிசையாவது ஒன்றாவது! “உயிர் போற விஷயம், கொஞ்சம் விடுங்க” என்று நாலு பேரைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். எவனோ திட்டினான். திட்டட்டும்.

“எழுதிக்கோங்க. ஆபரேஷன் பண்ணிக்கிட்டது என் வீட்டுக்காரரோட அண்ணன். கார்டை எடுத்துக் குடுத்தது நான்.”

அதிகாரியின் விரல்கள் நின்றன. “நீங்களா?”

“நான்தான். அவர் தூங்கறப்போ பர்ஸ்லேர்ந்து எடுத்தேன். அவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.”

“பொய்யிங்க!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். பெரியவர் மூச்சிரைக்க வந்து நின்றார். அவருக்குப் பின்னால் பெட்டிகளோடு ஓரகத்தி. “இந்தப் பொம்பளை சொல்றதை நம்பாதீங்க. கார்டை வாடகைக்கு விட்டுச் சம்பாதிச்சவ இவ. எவனுக்குக் குடுத்தாளோ, என் தலையில கட்டப் பார்க்கிறா. என் உடம்புல இதுவரைக்கும் கத்தியே பட்டதில்லை.”

பிரேக்கம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. அதிகாரியிடம்தான் சொன்னாள்.

“சட்டையைத் தூக்கச் சொல்லுங்க.”

திட்டிக்கொண்டிருந்தவனும் வாயை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டினான்.

“இங்கே வேண்டாம்” என்றாள் அதிகாரி. “உள்ளே டாக்டர் இருக்கார். ஒரு நிமிஷம் வாங்க சார், பார்த்துட்டா முடிஞ்சுபோச்சு.”

பெரியவரின் இரண்டு கையும் தானாகச் சட்டையின் கீழ் விளிம்பைப் பிடித்துக்கொண்டன. விரல்கள் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார். ஓரகத்தி அதைப் பார்த்தாள். வரிசை பார்த்தது. அதிகாரியும் பார்த்தாள்.

“நான் எதுக்கு வரணும்? என் வக்கீலைக் கேட்டுட்டுத்தான் எதுவும்…” பாதியில் விட்டுவிட்டு, பிடித்த சட்டையை விடாமலே வாசலைப் பார்த்து நடந்தார். கார்ச் சாவி கீழே விழுந்தது. திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

ஓரகத்தி பெட்டிகளைப் பிரேக்கம்மாவின் காலடியில் தள்ளினாள். “இனிமே எங்க வீட்டு வாசல்ல உன் நிழல்கூட விழக் கூடாது. கூடப்பொறந்தவங்களைப் பிரிச்சுட்டே இல்லே? நீ நல்லாவே இருக்க மாட்டே.” அவளும் புருஷன் பின்னால் ஓடினாள்.

அதிகாரி எதுவும் நடக்காத மாதிரி ஒரு தாளை நீட்டினாள். பிரேக்கம்மா கையெழுத்துப் போட்டாள்.

“கார்டைத் திறந்துட்டேன், மேடம். மேல சொல்லிடறேன். உங்க பாஸ்போர்ட்டைக் குடுங்க.”

“எதுக்கு?”

“கார்டைத் திருடிக் குடுத்ததா நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே? விசாரணை முடியற வரைக்கும் நீங்க நாட்டை விட்டுப் போக முடியாது. அவர் பூரண குணமாகி ஊருக்குப் போகலாம், அதுல தடை இல்லை. காலையில விசாரணைக்கு ஆள் வருவாங்க. அந்த சாரையும் கூப்பிடுவாங்க. அவர் வாடகைன்னு சொன்னதையும் நான் குறிச்சுக்கத்தான் வேணும்.”

பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். அதற்குள் சின்னவனைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தியேட்டர் வாசலுக்குக் கொண்டு வந்துவிட்டிருந்தார்கள். பச்சை உடுப்பு, தலையில் குல்லாய். அவளைக் கண்டதும் அவன் கழுத்தை உயர்த்தினான்.

“கார்டு எப்படித் திறந்துச்சு?”

அவள் அவன் குல்லாயைச் சரிசெய்தாள்.

“அண்ணன் பேரைச் சொல்லிட்டே.”

“சொல்லிட்டேன்.”

“குடுத்தது யாருன்னு கேட்டிருப்பாங்களே?”

“நான் குடுத்தேன்னு எழுதிக் குடுத்திருக்கேன். உங்களுக்கு எதுவும் தெரியாது. யார் வந்து கேட்டாலும் அதையே சொல்லுங்க.”

அவன் அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தான். அந்தப் பார்வையில் நன்றி இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் தேடினாள்.

“எனக்காக இவ்வளவு பெரிய பொய் சொல்லத் தெரிஞ்சுது இல்லே?” என்றான். “என் அண்ணனுக்காக ஒண்ணு சொல்லத் தெரியலையா உனக்கு?”

“தெரியும். சொல்லியிருந்தா நீங்க செத்திருப்பீங்க. அதனால சொல்லலை.”

“நான் கண்ணு முழிக்கறப்போ நீ இங்கே இருக்கக் கூடாது.”

நர்ஸ் வண்டியைத் தள்ளினாள். தியேட்டர் கதவு அவர்களை உள்ளே வாங்கிக்கொண்டு சாத்திக்கொண்டது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

போவதற்கு அவளுக்கு வீடு இல்லை. ஊருக்குப் போக பாஸ்போர்ட்டும் இல்லை. பிரேக்கம்மா பெட்டிகளைச் சுவரோரமாக வைத்தாள். கதவுக்கு நேர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.